வரையத் தெரிகிறது... செய்யத் தெரிகிறதா? டெல்டா மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஊரே ஒரு பட்டறை

“20 மில்லிமீட்டர் துளைக்குள் 20 மில்லிமீட்டர் தண்டு போகுமா?”

மெக்கானிக்கல் முடித்துவிட்டு டிசைன் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களிடம் கேட்கப்படும் பழைய கேள்வி இது. “போகும் சார்” என்றாலும் சிக்கல், “போகாது சார்” என்றாலும் சிக்கல். “டாலரன்ஸ் எவ்வளவு சார்?” என்று திருப்பிக் கேட்பவரிடம்தான் பேச்சு தொடரும்.

கம்ப்யூட்டர் திரையில் இந்தக் கேள்வியே எழாது. எந்த கேட் மென்பொருளிலும் 20 என்று டைப் செய்தால் அது அச்சுப் பிசகாத 20தான். தண்டு துளைக்குள் அழகாக உட்காரும், சுற்றியும் காட்டும். பட்டறையில் அப்படி ஒரு 20 கிடையாது. லேத்தில் கடைந்து எடுத்த தண்டு 19.98 இருக்கலாம், 20.01 இருக்கலாம். எந்த அளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதை வரைபடத்தில் எழுதிக் கொடுப்பதுதான் டிசைனரின் வேலை.

திருவிடைமருதூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ பேர் மெக்கானிக்கல் படித்துவிட்டு வெளியே வருகிறார்கள். கூடவே மூன்று மாத கேட் கோர்ஸ் சான்றிதழும் வைத்திருக்கிறார்கள். ஆனால், “இந்தப் பார்ட்டை எப்படிச் செய்வீங்க?” என்று கேட்டால் பலருக்கும் பதில் வருவதில்லை. மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வரைவதற்கும் செய்வதற்கும் நடுவே ஒரு சுவரைக் கட்டித்தான் பாடம் நடத்துகிறோம். டெல்டாவில் இந்தச் சுவரை உடைப்பது மற்ற இடங்களைவிட எளிது, அவசியமும்கூட. ஏன் என்று பார்ப்போம்.

டாலரன்ஸ்: முடி அளவில் நடக்கும் விளையாட்டு

முதல் கேள்விக்கே வருவோம். ஐஎஸ்ஓ தரநிலைப்படி 20 மி.மீ. துளைக்கு ‘ஹெச்7’ என்று எழுதினால், அந்தத் துளை 20.000 முதல் 20.021 மி.மீ. வரை இருக்கலாம். அதில் போகும் தண்டுக்கு ‘ஜி6’ என்று எழுதினால், அது 19.980 முதல் 19.993 வரை இருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் இடைவெளி குறைந்தது 0.007 மி.மீ., அதிகபட்சம் 0.041 மி.மீ. நம் தலைமுடி சுமார் 0.07 மி.மீ. தடிமன். அதைவிடக் குறைந்த இடைவெளியில்தான் தண்டு ஆடாமலும் சிக்காமலும் வழுக்கிச் செல்கிறது.

“அப்போ எல்லாத்துக்கும் ஹெச்7 போட்டுடலாமே?” என்று தோன்றும். போடலாம், காசுதான் எகிறும். சாதாரணமாகத் துளை போடும் டிரில் இந்த அளவுக்கு நிற்காது. ரீமர் போட வேண்டும் அல்லது போரிங் செய்ய வேண்டும், அளந்து பார்க்கத் தனி கேஜ் வேண்டும். வெறும் போல்ட் நுழைவதற்கான துளைக்கு இவ்வளவு செலவு வீண். எங்கே இறுக்கிப் பிடிப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவர்தான் நல்ல டிசைனர். இந்தத் தெளிவு வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கையில் பிடித்துப் பழகியவர்களுக்கே வரும்.

மென்பொருள் தடுக்காத நான்கு தவறுகள்

கேட் மென்பொருள் நல்ல பிள்ளை. நீங்கள் சொன்னதையெல்லாம் வரைந்து கொடுக்கும். “இதைச் செய்ய முடியாதுப்பா” என்று பெரும்பாலும் சொல்லாது. புதிதாக வரைபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் நான்கு இடங்கள் இவை:

ஒன்று, பள்ளத்தின் உள்மூலை. ஓர் உலோகக் கட்டிக்குள் சதுரமான பள்ளம் வரைகிறீர்கள். நான்கு மூலையும் கூர்மையாக இருக்கின்றன. ஆனால், மில்லிங் மெஷினில் வெட்டும் கருவி வட்டமாகச் சுற்றுகிறது. 10 மி.மீ. விட்டமுள்ள கட்டர் மூலையில் 5 மி.மீ. வளைவை விட்டே தீரும். கூர்மையான மூலைதான் வேண்டுமென்றால் மின்பொறியால் அரிக்கும் இடிஎம் போன்ற வேறு முறைக்குப் போக வேண்டும். நேரமும் செலவும் கூடும்.

இரண்டு, வார்ப்புச் சரிவு. மணல் அச்சில் வார்க்கும் பொருளின் பக்கவாட்டுச் சுவர்களை நேர் செங்குத்தாக வரைந்தால், மாதிரியை மேலே எடுக்கும்போது மணல் உடையும். அதனால் ஒன்றிரண்டு டிகிரி சரிவு கொடுக்க வேண்டும். உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகவும் செய்ய வேண்டும். வார்ப்பிரும்புக்குச் சுமார் 1 சதவீதம், எஃகுக்குச் சுமார் 2 சதவீதம் என்பது பொதுவான கணக்கு.

மூன்று, தகட்டின் மடிப்பு. 2 மி.மீ. இரும்புத் தகட்டைக் காகிதம்போலக் கூர்மையாக மடித்து வரைந்துவிடலாம். நிஜத்தில் மடிப்பின் வெளிப்பக்கம் இழுபட்டு வெடிக்கும். சாதாரண மைல்ட் ஸ்டீலுக்கு உள்வளைவு குறைந்தது தகட்டின் தடிமன் அளவாவது இருக்கட்டும் என்பது பட்டறைப் பழக்கம்.

நான்கு, பொருளின் குணம். முப்பரிமாண பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்த பார்ட் லேபில் கெட்டியாக இருக்கும். ஆனால், சுமார் 60 டிகிரியில் அது இளக ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் வைத்துப் பாருங்கள், சாயங்காலம் வேறு உருவத்தில் இருக்கும்.

நான்குமே பாடப் புத்தகத்தில் இருப்பவைதான். தேர்வுக்குப் படித்து மறந்துபோகும் இந்த விஷயங்கள், ஒரே ஒரு முறை சொந்தமாக ஒரு பார்ட் செய்து வீணாக்கினால் வாழ்நாளுக்கும் மறக்காது.

20 கிலோமீட்டருக்குள் ஓர் உற்பத்திப் பாடத்திட்டம்

“கோயம்புத்தூர், ஓசூர் மாதிரி இங்கே கம்பெனி இருந்தா நாங்களும் கத்துப்போம்” என்பது டெல்டா மாணவர்கள் சொல்லும் நியாயமான ஆதங்கம். பெரிய தொழிற்சாலைகள் இங்கே இல்லை என்பது உண்மை. ஆனால், உற்பத்தி என்ற விஷயமே இங்கே இல்லை என்பது உண்மையில்லை. திருவிடைமருதூரை நடுவில் வைத்து 20 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள்.

சுவாமிமலை. புவிசார் குறியீடு பெற்ற ஐம்பொன், வெண்கலச் சிலைகளின் ஊர். சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை நைசாகப் பூசிக் காயவைத்து, அதற்கு மேல் மணல் கலந்த முரட்டு மண்ணை அடுத்தடுத்துப் பூசுகிறார்கள். பிறகு சூடாக்கி மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள்.

முதல் பூச்சு ஏன் நைஸ் மண்? சிலையின் கண் இமை வரை நுணுக்கம் பதிவதற்கு. அடுத்த பூச்சு ஏன் முரட்டு மண்? அச்சுக்குப் பலம் வேண்டும், உள்ளே சிக்கும் வாயு வெளியேறவும் வழி வேண்டும். ஜெட் இன்ஜினின் டர்பைன் பிளேடுகளை வார்க்கும் தொழிற்சாலைகளிலும் அடிப்படை இதேதான்: மெழுகு மாதிரி, முதலில் நைஸ் பூச்சு, அப்புறம் முரட்டுப் பூச்சு. பாடத்தில் ‘இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங்’ என்று வரும். மண்ணுக்குப் பதில் அங்கே பீங்கான் கலவை.

இன்னொரு கணக்கும் இங்கே கற்கலாம். எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்பதை மெழுகு உருவத்தை எடை போட்டே முடிவு செய்கிறார்கள். மெழுகின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு, வெண்கலத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல எட்டரை மடங்குக்கு மேல். ஆக, 1 கிலோ மெழுகு இருந்த இடத்தை நிரப்பச் சுமார் 9 கிலோ உலோகம் வேண்டும். ஊற்றுவாய்க்கும் வழித்தடங்களுக்கும் தனிக் கணக்கு. அடர்த்தி என்ற பள்ளிப் பாடம் உலைக்கு முன்னால் நிற்கும்போது பண விஷயமாக மாறுகிறது.

மேலே சொன்ன வார்ப்புச் சரிவு இந்த முறைக்குத் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். மெழுகு உருகி ஓடிவிடுகிறது, அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு வளைவு நெளிவுகள் சாத்தியமாகின்றன. ஒரு அச்சுக்கு ஒரே சிலை என்பது அதற்குக் கொடுக்கும் விலை. எந்த உற்பத்தி முறையும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்குகிறது.

நாச்சியார்கோவில். குத்துவிளக்குக்குப் பெயர் போன ஊர். விளக்கு முழுவதையும் ஒரே வார்ப்பாக எடுப்பதில்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எனத் தனித்தனியாகப் பித்தளையில் வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டுத் திருகிச் சேர்க்கிறார்கள். இப்படிப் பிரிப்பதால் என்ன லாபம் என்று யோசியுங்கள். தடித்த பாகமும் மெல்லிய பாகமும் ஒரே வார்ப்பில் இருந்தால் வெவ்வேறு வேகத்தில் ஆறி, உள்ளே குழி விழும். பிரித்துவிட்டால் அந்தத் தலைவலி குறைவு. சின்ன லேத்திலும் கடையலாம். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கழற்றிப் பெட்டியில் அடுக்கிக் கூரியரில் அனுப்பலாம். நிறுவனங்கள் ‘மாடுலர் டிசைன்’ என்று பயிற்சி கொடுப்பது இதற்குத்தான்.

திருபுவனம். திருவிடைமருதூருக்குப் பக்கத்து ஊர், பட்டுக்குப் பெயர் பெற்றது. கைத்தறிகளின் தலைக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியை அண்ணாந்து பாருங்கள். துளை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்துத் தொங்கும். துளை இருந்தால் அந்தப் பாவு நூல் மேலே எழும், இல்லாவிட்டால் எழாது. பிரான்ஸில் 1804-ல் வந்த இந்த ஏற்பாடுதான் இயந்திரத்துக்கு ‘இப்படிச் செய்’ என்று எழுதிக் கொடுக்கும் யோசனைக்கு முன்னோடி. அமெரிக்காவின் எம்ஐடியில் 1952-ல் காட்டப்பட்ட முதல் எண்வழிக் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினுக்கும் கட்டளைகள் துளையிட்ட நாடாவில்தான் போயின. இன்றைய சிஎன்சி அதன் பேரப்பிள்ளை.

திருவிடைமருதூர். தைப்பூசத்துக்குத் தேரோடும் ஊர். அவ்வளவு பெரிய எடையை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பு, உராய்வு, சாய்கோணம் என்று முதலாண்டு மெக்கானிக்ஸில் வரும் கணக்கு அது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்ததும் நாம் அறிந்ததுதான். தேர்த்தச்சரின் வேலையும் இன்ஜினீயரின் வேலையும் ஒரே அச்சில் சந்தித்த இடம் அது.

சிலபஸில் ஏற்கெனவே இருக்கிறது

இதெல்லாம் பாடத்துக்கு வெளியே என்று நினைக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. நெசவு, கட்டுமானம், உற்பத்தி, வேளாண்மையும் நீர்ப்பாசனமும் என அலகுகள் போகின்றன. இந்தப் பாடத்தைக் கும்பகோணம் பக்கத்துக் கல்லூரியில் படிப்பவருக்கு இந்த அலகுகளில் பாதி, காலேஜ் பஸ் போகும் வழியிலேயே இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாலும் அதை நோட்ஸ் அடித்து, எழுதி, பாஸாகி மறந்துவிடுகிறார்கள்.

‘இன்டஸ்ட்ரியல் விசிட்’ என்ற பெயரில் பஸ் பிடித்து வெகுதூரம் போய், ஒரு மணி நேரம் தொழிற்சாலையையும் இரண்டு நாள் சுற்றுலாத் தலங்களையும் பார்த்து வருவதைவிட, நாச்சியார்கோவில் பட்டறையில் தொடர்ந்து பத்து சனிக்கிழமைகள் நின்றால் உற்பத்தி அதிகம் புரியும். சும்மா வேடிக்கை பார்ப்பதில் பயனில்லை. ஒரு விளக்கின் எல்லாப் பாகங்களையும் அளந்து, வரைபடம் போட்டு, “இந்த அளவு ஏன் இப்படி?” என்று ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்டு எழுதி வர வேண்டும். அவர்கள் நேரத்துக்குக் கல்லூரி கூலி கொடுக்கவும் வேண்டும். நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பாடம் சொல்லித் தாருங்கள் என்று கேட்பது நியாயமில்லை.

டெல்டாவுக்கு ஏன் இது வாழ்வாதாரக் கேள்வி?

2020-ல் தமிழக அரசு வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஹைட்ரோகார்பன் ஆய்வோடு இரும்பாலை, தாமிரம், அலுமினியம் உருக்காலை போன்றவையும் டெல்டாவில் புதிதாக வர முடியாது. நிலத்தையும் தண்ணீரையும் காக்க இது தேவையான முடிவு. இதன் இன்னொரு பக்கத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. கனரக ஆலை வரும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்று காத்திருக்க இனி இடமில்லை. டெல்டாவில் மெக்கானிக்கல் வேலை உருவாக வேண்டுமென்றால் அது வயலைச் சுற்றித்தான் உருவாக வேண்டும்.

வயலில் வேலை இருக்கிறதா? இரண்டு உதாரணம் பார்ப்போம்.

முதலாவது அறுவடை இயந்திரம். குறுவை அறுவடை மழையோடு வரும். சேற்று வயலில் டயர் வண்டி புதைந்துவிடும், பெல்ட் வண்டிதான் வேண்டும். ஏன் என்பதைக் கணக்காகப் போடலாம். உதாரணத்துக்கு 3 டன் எடையுள்ள வண்டி, இரண்டு பெல்ட்டுகள், ஒவ்வொன்றும் 45 செ.மீ. அகலத்துக்கும் 1.6 மீட்டர் நீளத்துக்கும் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 14,400 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு வரும் சுமை சுமார் 0.2 கிலோ. 70 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு காலிலும் நின்றால் பாதத்துக்கு அடியிலும் கிட்டத்தட்ட இதே அழுத்தம்தான். மூன்று டன் இயந்திரம் மனிதன் நிற்பதுபோல வயலில் நிற்கிறது. டயரில் இது பல மடங்கு கூடும்.

இந்த இயந்திரங்கள் சீசனில் வெளிமாவட்டங்களிலிருந்து வருகின்றன. பேரிங் போனாலோ, கத்தி உடைந்தாலோ, செயின் அறுந்தாலோ விவசாயிக்கு அன்றைய நாள் போச்சு. சாய்ந்த பயிரை எடுக்கும்போது எவ்வளவு நெல் சிந்துகிறது, கத்தியின் கோணத்தை மாற்றினால் அது குறையுமா, எந்தப் பாகம் அடிக்கடி தேய்கிறது, அதை உள்ளூரிலேயே செய்ய முடியுமா? ஒவ்வொன்றும் ஒரு நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

இரண்டாவது, நெல்லின் ஈரம். அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை பெய்தால் நெல் 20, 22 என்று நிற்கும். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மத்திய அரசைக் கேட்பதும், விவசாயிகள் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைப்பதும் நமக்குப் பழகிப்போன செய்தி. இதில் ஓர் இன்ஜினீயரிங் கணக்கு இருக்கிறது. 22 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லில் உலர்ந்த பகுதி 780 கிலோ. அதை 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் மொத்த எடை சுமார் 940 கிலோ. அதாவது ஒரு டன்னுக்குச் சுமார் 60 லிட்டர் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். ஆவியாக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 40 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போகும். வீணாகும் வெப்பம் தனி.

சூட்டை ஏற்றி வேகமாக முடித்துவிடலாமா? முடியாது. அளவுக்கு மீறிச் சூடேறினால் அரிசியில் கீறல் விழும், ஆலையில் நொறுங்கும். அப்படியானால் காற்று எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எரிபொருள் என்ன? உமியை எரிக்கலாமா? டிராக்டரில் இழுத்துக் கொள்முதல் நிலைய வாசலுக்கே கொண்டுபோகும் அளவில், கும்பகோணம் வெல்டிங் பட்டறையில் தகடு மடித்துச் செய்யும் எளிமையில், ஊர்ப் பையன் ஒருவனே ரிப்பேர் பார்க்கும்படி ஒரு சின்ன உலர்த்தியை வடிவமைக்க முடியுமா? உலர்த்திகள் சந்தையில் இல்லாமல் இல்லை. நம் சிறு விவசாயியின் அளவுக்கும் கைக்காசுக்கும் ஏற்றதாக அதைச் சுருக்குவதுதான் சவால். திருவிடைமருதூர் வட்டத்திலேயே ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நெல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.

“இதெல்லாம் பழசு சார், இப்போ ஏஐ காலம்”

இந்த ஆட்சேபம் வரும். பதில் சென்னையிலேயே இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் அக்னிபான் ராக்கெட்டைச் சோதனை முறையில் ஏவியது. அதிலிருந்த இன்ஜின் முப்பரிமாண முறையில் ஒரே துண்டாக அச்சிடப்பட்டது. இதைவிட நவீனமாக என்ன வேண்டும்?

ஆனால், உலோகத்தில் அச்சிடுவதற்கும் விதிகள் உண்டு. அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். உள்ளே தங்கும் தூளை வெளியேற்ற வழி வைக்க வேண்டும். துல்லியம் வேண்டிய இடங்களை மறுபடி கடைசல் பிடிக்க வேண்டும். வாயு வெளியேற வழி விட்ட சுவாமிமலை ஸ்தபதியின் கேள்வியும், தூள் வெளியேற வழி விடும் ராக்கெட் இன்ஜினீயரின் கேள்வியும் ஒன்றுதான்: “இதை எப்படிச் செய்யப் போகிறோம்?” ஏஐ நாளை ஆயிரம் வடிவங்களை வரைந்து கொடுக்கும். அதில் எது பட்டறையில் நடக்கும் என்று சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு கூடும்.

அதே நேரம், கைவினைப் பட்டறைகளை அப்படியே கும்பிட்டுவிட்டு வரவும் வேண்டியதில்லை. உலைப் புகை, எரிபொருள் விரயம், குனிந்தே செய்யும் வேலையால் வரும் முதுகுவலி, நாள் முழுக்க ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்கும் நெசவாளியின் முழங்கால் என்று அங்கே தீர்க்க வேண்டியவை நிறைய. கற்றுக்கொள்ளப் போகும் மாணவர் திருப்பிக் கொடுக்கவும் அங்கே நிறைய இருக்கிறது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

முதலாண்டு: ஒரு வெர்னியர் வாங்குங்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாய், சைக்கிள் பெடல், மிக்ஸி ஜார் என்று கழற்றி அளந்து, கையால் வரையுங்கள். அப்புறம் கேட் மென்பொருளுக்குப் போகலாம்.

இரண்டாமாண்டு: லேத், மில்லிங், வெல்டிங் லேபில் ரெக்கார்டு நோட்டோடு நின்றுவிட வேண்டாம். ஒரு தண்டையும் அதற்கேற்ற துளையையும் நீங்களே செய்து பொருத்திப் பாருங்கள். பொருந்தாது. ஏன் என்று தேடுங்கள். படிப்பே அங்கேதான் தொடங்கும்.

மூன்றாமாண்டு: பாஜா, ஃபார்முலா மாதிரியான மாணவர் வாகனப் போட்டிகளில் சேர வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். இல்லையென்றால் ஊர் லேத் பட்டறையில் ஒரு மாதம் நில்லுங்கள். ஒரு வரைபடத்தோடு போய், “அண்ணே, இதைச் செய்ய எவ்வளவு ஆகும்?” என்று கேளுங்கள். அவர் சிரித்தால் எந்த இடத்தில் சிரித்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காமாண்டு: ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ரெடிமேடாக ரிப்போர்ட்டோடு விற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்டர்வியூவில் “இந்த வெல்டை ஏன் இங்கே வெச்சீங்க?” என்று ஒரு கேள்வி வந்தால் அந்த ரிப்போர்ட் உங்களைக் காப்பாற்றாது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, சொந்தமாகச் செய்யுங்கள். உடைந்தால் உடைந்த போட்டோவையும் ரிப்போர்ட்டில் வையுங்கள்.

கல்லூரியும் அரசும் என்ன செய்ய வேண்டும்?

முதலில், ஒர்க்‌ஷாப் கதவைப் பூட்டி வைக்காதீர்கள். பல கல்லூரிகளில் லேப் நேரம் முடிந்தால் மெஷின் தூங்குகிறது. பொறுப்பான ஒரு டெக்னீஷியனைப் போட்டு, பாதுகாப்புப் பயிற்சி முடித்த மாணவர்களுக்குச் சாயங்காலம் மூன்று மணி நேரம் திறந்துவிடலாம். கூடுதல் செலவு ஒருவரின் சம்பளமும் கொஞ்சம் கரண்ட் பில்லும்தான்.

இரண்டாவது, பட்டம் இல்லாத திறமையாளர்களையும் வகுப்புக்கு அழையுங்கள். துறை அனுபவம் உள்ளவர்களைப் பிஎச்டி இல்லாமலேயே பேராசிரியராக அமர்த்த யுஜிசி 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. பெரிய கம்பெனி அதிகாரிகளை மட்டும் மனதில் வைத்து அதைப் படிக்க வேண்டியதில்லை. முப்பது வருடம் வார்ப்பட வேலை பார்த்த ஒருவர் வார்ப்புப் பாடத்துக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது, ஐடிஐக்களையும் இன்ஜினீயரிங் கல்லூரிகளையும் பிரித்து வைக்கும் பழக்கத்தை அரசு விட வேண்டும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐக்களை நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டம் நடந்திருக்கிறது. ரோபாட், சிஎன்சி என்று அங்கே வந்திருக்கும் கருவிகளை மாலை நேரத்திலும் விடுமுறையிலும் பக்கத்து இன்ஜினீயரிங் மாணவர்களும் பயன்படுத்த ஏற்பாடு செய்யலாம். ‘நான் முதல்வன்’ திட்டத்தில் மென்பொருள் கோர்ஸுகளுக்குக் கொடுக்கும் இடத்தை, ஒரு பொருளை வரைந்து, செய்து, சோதித்துக் காட்டும் கோர்ஸுக்கும் கொடுக்கலாம். மதிப்பெண்ணைத் திரையில் இருக்கும் படத்துக்குப் போடாமல், மேஜைமேல் வைத்த பொருளுக்குப் போட வேண்டும்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் மெக்கானிக்கலுக்கு முன்பிருந்த கிராக்கி இப்போது இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காதவர்கள் எடுக்கும் பாடம் என்ற பேச்சு வந்துவிட்டது. செய்யத் தெரியாத மெக்கானிக்கல் பட்டதாரிகளை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தால் இந்தப் பேச்சு மாறாது. அடுத்த குறுவைக்கும் மழை வரும், கொள்முதல் நிலைய வாசலில் நெல் ஈரத்தோடு கிடக்கும். அந்த நெல்லுக்கு ஓர் உலர்த்தியைச் செய்து நிறுத்தும் முதல் டீம், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மூன்றாமாண்டு மாணவர்களாக இருப்பதற்குத் தடை எதுவும் இல்லை. லேப் சாவி மட்டும் அவர்கள் கைக்கு வர வேண்டும்.